பிளாஸ்மா டார்ச்சுக்குள் ஒரு பொட்டு ஹாஃப்னியம்: அது எவர்சில்வரைவிடப் பலமானதா?

புதுச்சேரி சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் கடலூர் சிப்காட்டை ஒட்டிய ஃபேப்ரிகேஷன் பட்டறைகளிலும் தகடு வெட்ட ஏர் பிளாஸ்மா மெஷின் வைத்திருப்பது இன்று பெரிய விஷயமில்லை. அதன் டார்ச்சைக் கழற்றினால் உள்ளே செம்பில் கடைந்த சின்ன எலக்ட்ரோடு ஒன்று வரும். அதன் முனையின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. விட்டம் ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். அந்தப் புள்ளிதான் ஹாஃப்னியம் என்ற உலோகம்.

இதைக் கேள்விப்பட்டவுடன் எழும் கேள்வி இயல்பானது. அரை இஞ்ச் எவர்சில்வர் தகட்டை இந்தப் பொட்டு வெட்டித் தள்ளுகிறது என்றால், அது எவர்சில்வரைவிடப் பலமானதுதானே? அபூர்வ உலோகங்களைப் பற்றிக் கைபேசியில் சுற்றும் காணொளிகளும் அப்படித்தான் அடித்துச் சொல்கின்றன.

பலமானது இல்லை. சாதாரண அர்த்தத்தில் 'பலம்' என்றால், வீடு கட்டப் போடும் டிஎம்டி கம்பியே தூய ஹாஃப்னியத்தைத் தோற்கடித்துவிடும். அப்படியிருந்தும் அந்தப் புள்ளியின் இடத்தில் எந்த ஸ்டீலை வைத்தாலும் கண் மூடித் திறப்பதற்குள் உருகி வழிந்துவிடும். இரண்டு கூற்றும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், எந்த ஸ்டீல்?

ஹாஃப்னியம் ஒரு தனிமம். ஸ்டீல் ஒரு குடும்பம். இரும்போடு கரியும் வேறு உலோகங்களும் சேரும் அளவைப் பொறுத்து ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு. 'ஸ்டீலைவிட' என்று பொதுவாக ஒப்பிட்டாலே அந்த வாக்கியத்துக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தத்தை மட்டும் எடுத்தால், குடும்பத்தின் ஒரு முனையில் 170 மெகாபாஸ்கலில் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வளையும் மென்மையான வகை இருக்கிறது. மறு முனையில், பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் நிலை உறை செய்யப்படும் மரேஜிங் ஸ்டீல் அதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கைத் தாங்குகிறது.

நம் கடற்கரைக்குப் பொருத்தமாக 316எல் என்ற எவர்சில்வர் கிரேடை எடுத்துக்கொள்வோம். படகு உதிரிகள், மருந்து ஆலைத் தொட்டிகள், ரசாயன ஆலைக் குழாய்கள் எல்லாவற்றிலும் வருவது இதுதான். இதில் குரோமியம் 16 முதல் 18 சதவீதம், நிக்கல் 10 முதல் 14, மாலிப்டினம் 2 முதல் 3, மீதி பெரும்பாலும் இரும்பு. கடைசியில் ஒட்டியிருக்கும் 'எல்', கரியின் அளவு 0.03 சதவீதத்தைத் தாண்டாது என்பதற்கான அடையாளம். கரி கூடினால் வெல்டிங் சூட்டில் அது குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு கார்பைடாக ஒதுங்கும். அந்த ஓரங்களில் துருவைத் தடுக்கக் குரோமியம் போதாமல் போகும்.

(பாத்திரக் கடையில் காந்தம் வைத்துப் பார்க்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 304, 316 போன்ற கிரேடுகளில் காந்தம் ஒட்டாது என்பது சரி. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான 200 வரிசையிலும் ஒட்டாது. அந்தச் சோதனை கடைக்காரருக்கு மட்டுமே நிம்மதி தரும்.)

ஹாஃப்னியம் எங்கிருந்து வந்தது?

அணு எண் 72. தனிம அட்டவணையில் டைட்டேனியம், சிர்கோனியம், அதற்குக் கீழே ஹாஃப்னியம். 1923இல் கோபன்ஹேகனில் டிர்க் கோஸ்டர், ஜார்ஜ் டி ஹெவெசி இருவரும் நார்வே நாட்டுச் சிர்கான் என்ற சிர்கோனியக் கனிமத்தை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து இதைக் கண்டுபிடித்தார்கள். கோபன்ஹேகனின் லத்தீன் பெயர் ஹாஃப்னியா. பெயர் அங்கிருந்து வந்தது.

இவ்வளவு காலம் இது ஒளிந்திருந்ததற்குக் காரணம் உண்டு. சிர்கோனியமும் ஹாஃப்னியமும் இரட்டைப் பிள்ளைகள். அட்டவணையில் ஒரு வரிசை கீழே இறங்கினால் அணு பெரிதாக வேண்டும். ஆனால் ஹாஃப்னியத்துக்கு முன்னால் லாந்தனைடு தனிமங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றில் சேரும் எலக்ட்ரான்கள் அணுக்கருவின் ஈர்ப்பைச் சரியாக மறைப்பதில்லை. அதனால் வெளிச் சுற்று எலக்ட்ரான்கள் உள்ளே இழுக்கப்பட்டு அணு சுருங்கிவிடுகிறது. இதற்கு லாந்தனைடு சுருக்கம் என்று பெயர். விளைவு: சிர்கோனிய அணுவின் ஆரம் 160 பிக்கோமீட்டர், ஹாஃப்னியத்துக்கு 159. அளவு ஒன்று, வேதிக் குணம் கிட்டத்தட்ட ஒன்று, எடை மட்டும் இரண்டு பங்கு.

ஒரே அளவு என்பதால் இயற்கையில் சிர்கோனியம் இருக்கும் இடத்தில்தான் ஹாஃப்னியமும் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் பிரிக்கப்படும் சிர்கானிலும் அது உண்டு. பொதுவாக 50 பங்கு சிர்கோனியத்துக்கு 1 பங்கு ஹாஃப்னியம் என்பது கணக்கு. இந்த விகிதம் பின்னால் விலையைப் பேசும்போது திரும்ப வரும்.

எண்களை அருகருகே வைத்தால்

முதலில் வருவது 316எல், அடுத்தது தூய ஹாஃப்னியம்.

1. அடர்த்தி, ஒரு கன சென்டிமீட்டருக்கு: 8.0 கிராம், 13.31 கிராம்.
2. உருகும் வெப்பநிலை: சுமார் 1,375 முதல் 1,400 டிகிரி செல்சியஸ்; 2,233 டிகிரி.
3. நிரந்தர வளைவு தொடங்கும் அழுத்தம், பதமாக்கிய (சூடேற்றி மென்மையாக்கிய) நிலையில்: குறைந்தது 170 மெகாபாஸ்கல், ஏறத்தாழ அதே அளவு அல்லது சற்றுக் கூடுதல்.
4. அறுந்துபோகும் அழுத்தம்: குறைந்தது 485 மெகாபாஸ்கல், சுமார் 400 முதல் 500.
5. அறுவதற்கு முன் நீளும் அளவு: 40 சதவீதமும் அதற்கு மேலும்; சுமார் 20 முதல் 25 சதவீதம்.
6. ஒரு மீட்டர் கம்பி 100 டிகிரி சூடேறினால் நீளும் அளவு: 1.6 மில்லிமீட்டர், 0.6 மில்லிமீட்டர்.
7. வெப்பக் கடத்தல், வழக்கமான அலகில்: 16, 23.
8. மெதுவான நியூட்ரானைப் பிடிக்கும் திறன், பார்ன் அலகில்: சுமார் 3, 104.

ஏழு வரிகளில் வித்தியாசம் ஒன்றுமில்லாததிலிருந்து இரண்டு, மூன்று மடங்கு வரைதான். எட்டாவது வரியில் முப்பது மடங்குக்கு மேல். உலகம் ஹாஃப்னியத்தைப் பிரித்தெடுக்கத் தொடங்கியதே அந்த ஒரு வரிக்காகத்தான்.

'பலம்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால்

பேச்சில் ஒரே சொல்லாக இருப்பது பட்டறையில் நான்காகப் பிரியும்.

1. விறைப்பு. சுமை ஏற்றினால் எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பது. இதில் ஸ்டீல் முன்னால் நிற்கிறது. ஒரே தடிமனும் நீளமும் உள்ள இரண்டு கம்பிகளைச் சுவரில் செருகி முனையில் ஒரே எடையைத் தொங்கவிட்டால், ஹாஃப்னியக் கம்பி அதிகம் தாழும்.

2. தாங்கும் அழுத்தம். எந்தச் சுமைக்கு மேல் போனால் கம்பி திரும்ப நிமிராமல் நிரந்தரமாக வளைந்துவிடும் என்பது. மெகாபாஸ்கல் என்ற அலகை இப்படி நினைத்துக்கொள்ளலாம்: ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள கம்பியில் 10 கிலோ தொங்கவிட்டால் ஏறத்தாழ 100 மெகாபாஸ்கல். அப்படியானால் 316எல் கம்பி 17 கிலோவில் வளைந்துகொடுக்கத் தொடங்கலாம். ஹாஃப்னியம் அதற்குப் பக்கத்திலேயே. சிமென்ட் கடையில் வாங்கும் டிஎம்டி கம்பியின் மேல் 500 என்று பொறித்திருக்கிறதே, அது இதே அளவுதான். 500 மெகாபாஸ்கல், அதாவது 51 கிலோ. எவர்சில்வரும் சரி, ஹாஃப்னியமும் சரி, இதன் பாதியைக்கூடத் தொடுவதில்லை.

3. கடினம். கீறலுக்கும் குழிவிழுவதற்கும் எதிர்ப்பு. பதமாக்கிய நிலையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வரிசை. ஒரு நல்ல அரம் இரண்டையும் அராவிவிடும்.

4. இழுவைத் தன்மை. உடைவதற்கு முன் எவ்வளவு நீண்டு, நசுங்கி, எச்சரிக்கை தருகிறது என்பது. 316எல்லின் உண்மையான பெருமை இதில்தான் இருக்கிறது. 40 சதவீதம் நீளும் உலோகம் படகு கரையில் மோதினால் நெளியும், சட்டென்று பிளக்காது. அச்சில் ஆழமாக அழுத்தி இழுத்துக் குடம், தூக்குவாளி என்று எந்த வடிவத்துக்கும் கொண்டுவர முடிவதும் இதனால்தான். ஹாஃப்னியமும் தூயதாக இருக்கும்வரை வளைந்துகொடுக்கும். கொஞ்சம் ஆக்சிஜனோ நைட்ரஜனோ உள்ளே புகுந்துவிட்டால் முறுக்குப்போல மொறுமொறுப்பாகிவிடும்.

எடைக்கு எடை பார்த்தால் ஹாஃப்னியத்தின் நிலை இன்னும் மோசம். 50 மில்லிமீட்டர் விட்டம், 2 மீட்டர் நீளமுள்ள படகு புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒன்றைக் கணக்கிடுவோம். 316எல்லில் சுமார் 31 கிலோ. ஹாஃப்னியத்தில் 52 கிலோ. 21 கிலோ கூடுதலாகச் சுமந்தும் கிடைக்கும் பலம் அதே அளவு. புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

சூடு என்பது ஒரு கேள்வி அல்ல, மூன்று கேள்விகள்

உருகும் வெப்பநிலையை மட்டும் பார்த்து ஒரு உலோகத்தை 'சூடு தாங்கும்' என்று சொல்வது பரவலான தவறு. பிரித்துக் கேட்க வேண்டும்.

எப்போது உருகும்? ஹாஃப்னியம் 800 டிகிரிக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயிக்கிறது. இதில் பேச்சுக்கு இடமில்லை.

உருகுவதற்கு முன்பே எப்போது தளர்ந்துபோகும்? சூட்டில் நீண்ட நாள் சுமை தாங்கும் உலோகம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நீண்டுகொண்டே போகும். இதை ஊர்தல் என்பார்கள். நெய்வேலி அனல் மின் நிலையம் போன்ற இடங்களில் கொதிகலன் குழாய்கள் ஐந்நூற்றுச் சொச்சம் டிகிரி நீராவியை வருடக்கணக்கில் அடக்கி வைத்திருக்க வேண்டும். அந்தக் குழாய்க்கு வரும் ஆபத்து உருகுவது அல்ல, ஊர்வது. அதனால் உலோகவியலாளர்கள் அங்கே குரோமியம், மாலிப்டினம் சேர்த்த தனி ஸ்டீல்களை உருவாக்கிவைத்திருக்கிறார்கள். 316எல்கூட அந்த வேலைக்குச் சிறந்த தேர்வு இல்லை. கரி குறைவு என்பதால் சூட்டில் அதன் பிடி சற்றுத் தளர்வு.

காற்று என்ன செய்யும்? இங்கேதான் ஹாஃப்னியம் சறுக்குகிறது. சிவக்கச் சூடான ஹாஃப்னியம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொண்டு உடையும் பொருளாக மாறும். மெல்லிய தூளாக இருந்தால் தானாகவே தீப்பிடிக்கும். வெல்டிங் செய்யவேண்டுமானால் ஆர்கான் நிரப்பிய பெட்டிக்குள் அல்லது வெற்றிடத்தில்தான். எவர்சில்வரோ காற்றிலேயே 800 டிகிரி சூட்டையும் மேலே ஒரு குரோமியம் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொண்டு சமாளித்துவிடும். அடுப்பில் வைத்து மறந்த எவர்சில்வர் பாத்திரம் நீலமும் பொன்னிறமுமாக மாறுவது அந்தப் படலம் தடித்ததால்தான்.

இன்னொரு கணக்கு பலருக்கு ஆச்சரியம் தரும். கனமான பொருள் அதிக வெப்பத்தைத் தேக்கிவைக்கும் என்பது நம் எண்ணம். ஒரு கிராமை ஒரு டிகிரி சூடேற்ற 316எல்லுக்கு 0.5 ஜூல் வேண்டும், ஹாஃப்னியத்துக்கு 0.144 போதும். அடர்த்தியோடு பெருக்கினால் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஸ்டீல் 4 ஜூல், ஹாஃப்னியம் 2 ஜூலுக்கும் சற்றுக் குறைவு. கனமானதுதான் பாதி வெப்பத்தைத் தேக்குகிறது. காரணம் எளிது: வெப்பத்தை வாங்கிக்கொள்வது எடை அல்ல, அணுக்களின் எண்ணிக்கை. ஹாஃப்னியத்தில் அணுக்கள் கனமானவை, அதனால் எடைக்கு எண்ணிக்கை குறைவு. கடத்தலும் கூடுதல் என்பதால், ஒரு முனையில் விழும் சூடு ஹாஃப்னியத்தில் ஸ்டீலைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவாகப் பரவும்.

உப்புக்காற்றில் யார் நிற்பார்?

கடலூர் முதுநகரிலோ புதுச்சேரி கடற்கரைச் சாலை ஓரத்திலோ வீடு கட்டியவர்களுக்கு, 'துருப்பிடிக்காத' என்ற அடைமொழியின் மேல் கொஞ்சம் கோபம் இருக்கும். மாடிக் கைப்பிடியில் ஆறு மாதத்தில் டீக்கறை படிந்ததுபோலப் பழுப்புக் கோடுகள் வரும். பெரும்பாலும் அது மாலிப்டினம் சேராத 304 கிரேடு.

எவர்சில்வரைக் காப்பது சில நானோமீட்டர் தடிமனே உள்ள குரோமியம் ஆக்சைடு படலம். கீறினாலும் காற்றுப் பட்டதும் தானே மூடிக்கொள்ளும். உப்பிலுள்ள குளோரைடு அயனி இந்தப் படலத்தில் பலவீனமான ஒரு புள்ளியைத் துளைக்கிறது. துளைக்குள் ஆக்சிஜன் குறைவு, அமிலம் கூடுதல். படலம் மறுபடி மூட வழியில்லை. மேலே ஊசிமுனை, உள்ளே குகை. 316இல் சேர்க்கும் மாலிப்டினம் இந்தத் துளைத்தலைத் தாமதப்படுத்துகிறது, நிறுத்திவிடுவதில்லை. வாஷருக்கு அடியில், போல்ட் இடுக்கில், தகடு மடித்த ஓரத்தில் உப்புநீர் தேங்கினால் 316எல்லும் கறுக்கும். சூடும் இழுவிசையும் குளோரைடும் ஒன்றுசேர்ந்தால் வெடிப்பே விழும். வெப்பநிலை 60 டிகிரியைத் தாண்டும் இடங்களில் இந்த அச்சம் நிஜமானது.

பட்டறை செய்யும் தவறுகளும் இதில் சேரும். சாதா இரும்பைக் கிரைண்டரில் தேய்த்த பொறி பக்கத்தில் இருக்கும் எவர்சில்வர் மேல் விழுந்தால், அந்த இரும்புத் துகள் துருப்பிடித்துப் பழி எவர்சில்வர் மேல் விழும். பிளாஸ்மாவில் வெட்டிய ஓரத்தில் கறுத்த ஆக்சைடும் அதற்கடியில் குரோமியம் குறைந்த தோலும் இருக்கும். பிக்கிளிங் பேஸ்ட் என்ற அமிலப் பசையைப் போட்டு அதை அகற்றாமல் கடலோரத்தில் பொருத்தினால் அங்கிருந்தே துரு தொடங்கும்.

ஹாஃப்னியத்துக்கு இந்தக் கவலைகள் இல்லை. அதன் ஆக்சைடு படலத்தைக் கடல்நீர் துளைப்பதில்லை. எவர்சில்வரைத் தின்றுவிடும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் அசையாது. காரங்களும் அதனிடம் தோற்கும். அதற்கு எமன் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். வேடிக்கை என்னவென்றால், பட்டறையில் எவர்சில்வரைச் சுத்தம் செய்யப் பூசும் அந்தப் பிக்கிளிங் பேஸ்ட்டில் இருப்பது நைட்ரிக் அமிலமும் இதே ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும்தான்.

ஆக, அரிப்பு என்ற பந்தயத்தில் ஹாஃப்னியம் தெளிவாக முன்னால். ஆனால் அமில ஆலைகள் அதை வாங்குவது அபூர்வம். ஏறத்தாழ அதே எதிர்ப்பை அதன் இரட்டைப் பிள்ளை சிர்கோனியம் பாதி எடையில், மிகக் குறைந்த விலையில் தந்துவிடுகிறது.

கல்பாக்கத்தில் ஒன்று கதவு, மற்றொன்று சுவர்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் இரண்டு மணி நேரம் வடக்கே போனால் கல்பாக்கம். ஸ்டீல், சிர்கோனியம், ஹாஃப்னியம் மூன்றின் வேறுபாட்டையும் ஒரே இடத்தில் வைத்து விளங்கிக்கொள்ள அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அணு உலையில் யுரேனியம் பிளக்கும்போது நியூட்ரான்கள் வெளிவருகின்றன. அவை அடுத்த யுரேனிய அணுவைத் தாக்கினால்தான் தொடர்வினை நடக்கும். இடையிலுள்ள உலோகம் அவற்றை விழுங்கிவிட்டால் உலை அணைந்துவிடும். ஒரு அணுக்கரு நியூட்ரானின் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைச் சொல்லும் அலகு பார்ன். சொல்லின் பொருள் வைக்கோல் கொட்டகை. 'கொட்டகைக் கதவைப்போலப் பெரிது, குறி தப்பவே தப்பாது' என்று இயற்பியலாளர்கள் கேலியாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

இப்போது எட்டாவது வரியைத் திரும்பப் பாருங்கள். ஹாஃப்னியம் 104 பார்ன். இரும்பு 2.6. சிர்கோனியம் 0.18. வேதிக் குணத்தில் பிரித்தறிய முடியாத இரட்டைப் பிள்ளைகள், நியூட்ரானின் கணக்கில் ஐந்நூறு மடங்குக்கு மேல் எதிரெதிர். ஒன்று நியூட்ரானை வழிவிட்டு அனுப்பும் திறந்த கதவு, மற்றது அடைக்கும் சுவர்.

விளைவுகள் வரிசையாக வருகின்றன.

1. கல்பாக்கத்திலுள்ள சென்னை அணுமின் நிலையத்தின் கனநீர் உலைகள் செறிவூட்டாத யுரேனியத்தில் ஓடுபவை. நியூட்ரானை வீணாக்க அவற்றுக்கு வசதியில்லை. அதனால் எரிபொருள் உறையும் அழுத்தக் குழாயும் சிர்கோனியக் கலவையில் செய்யப்படுகின்றன. எவர்சில்வர் உறை போட்டால் அது மட்டுமே நியூட்ரான் கணக்கைக் கெடுத்துவிடும்.

2. அந்தச் சிர்கோனியத்தில் இயற்கையாக ஒளிந்திருக்கும் ஒன்றிரண்டு சதவீத ஹாஃப்னியம் எல்லாப் பயனையும் அழித்துவிடும். ஆகவே பத்து லட்சத்தில் 100 பங்குக்கும் கீழே அதைக் குறைக்க வேண்டும். ஐதராபாத்திலுள்ள அணு எரிபொருள் வளாகத்தில் கரைப்பான் பிரித்தெடுப்பு முறையில் இந்த வேலை நடக்கிறது. இரண்டும் வேதியியலில் ஒன்றுபோல் இருப்பதால் இது எளிதான காரியம் அல்ல.

3. பிரித்து ஒதுக்கிய ஹாஃப்னியம் எதற்கும் ஆகாததா? நியூட்ரானை விழுங்குவதே வேலையாக இருக்கும் கட்டுப்பாட்டுக் கோலுக்கு அது மிகப் பொருத்தம். அமெரிக்காவின் முதல் அணுசக்தி நீர்மூழ்கி நாட்டிலஸின் உலையில் இதைத்தான் பயன்படுத்தினார்கள். கொதிக்கும் நீரில் அரிக்காது என்பதால் மேலுறை தேவையில்லை. அதைவிட முக்கியமான குணம் ஒன்று: எடை எண் 177 உள்ள ஹாஃப்னியம் அணு ஒரு நியூட்ரானை விழுங்கினால் 178 ஆகிறது, அது விழுங்கினால் 179, பிறகு 180. ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்சம் பசியோடுதான் இருக்கும். கோல் சீக்கிரம் தீர்ந்துபோவதில்லை.

4. அதே கல்பாக்கத்தில் 2024 மார்ச்சில் உலையின் மையப் பகுதியை நிரப்பும் பணி தொடங்கிய அதிவேக ஈனுலையில் கதை தலைகீழ். அது வேகமான நியூட்ரான்களில் ஓடுவது. திரவ சோடியம் சுற்றுவது. அங்கே முதன்மைக் கலன் 316எல்என், அதாவது நாம் பேசிவரும் கிரேடில் சற்று நைட்ரஜன் சேர்த்தது. கட்டுப்பாட்டுக் கோல் போரான் கார்பைடு. ஹாஃப்னியத்தின் பெரும்பசி மெதுவான நியூட்ரானுக்குத்தான்.

டார்ச்சுக்குள் உண்மையில் நடப்பது

தகட்டை வெட்டுவது ஹாஃப்னியம் அல்ல. எலக்ட்ரோடுக்கும் தகட்டுக்கும் இடையே பாயும் மின்வில், அழுத்தக் காற்றைப் பல்லாயிரம் டிகிரி சூடுள்ள பிளாஸ்மாவாக மாற்றுகிறது. நாசிலின் சிறு துளை வழியே அது பீய்ச்சியடிக்கும்போது ஸ்டீல் உருகி, காற்றின் வேகத்தில் அடித்துச் செல்லப்படுகிறது. ஹாஃப்னியத்தின் வேலை எலக்ட்ரான்களை உமிழ்ந்துகொண்டே இருப்பது. கடினமும் பலமும் இங்கே ஒரு பொருட்டே இல்லை.

டிக் வெல்டிங்கில் இதே வேலையை டங்ஸ்டன் செய்கிறது. 3,422 டிகிரி வரை உருகாத உலோகம். ஹாஃப்னியத்தைவிட 1,200 டிகிரி மேலே. பிறகு ஏன் இங்கே அது இல்லை? டிக் டார்ச்சில் ஆர்கான் ஓடுகிறது, ஏர் பிளாஸ்மாவில் காற்று. ஆக்சிஜன் பட்டால் டங்ஸ்டனின் ஆக்சைடு குறைந்த சூட்டிலேயே உருகி ஆவியாகிப் போய்விடும். முனை நிமிடங்களில் கரையும். ஹாஃப்னியமும் ஆக்சிஜனை விழுங்கும்தான். ஆனால் அதன் ஆக்சைடு உருக 2,758 டிகிரி வேண்டும், உலோகத்தைவிடவே அதிகம். நைட்ரஜனோடு சேர்ந்தால் உண்டாகும் நைட்ரைடு அதற்கும் மேலே. எலக்ட்ரானை விடுவிக்க டங்ஸ்டனுக்கு 4.5 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் தேவை என்றால் ஹாஃப்னியத்துக்கு 3.9 போதும்.

சற்று முன்பு சிவந்த ஹாஃப்னியம் காற்றை உறிஞ்சிக் கெட்டுப்போகும் என்று குறை சொன்னோம். அந்தக் குறையே டார்ச்சுக்குள் அதன் தகுதி ஆகிறது. சுமை தாங்கவேண்டிய இடத்தில் மொறுமொறுப்பாவது ஆபத்து. செம்புக்குள் பொதிந்து அசையாமல் உட்கார்ந்திருக்கும் பொட்டுக்கு அதனால் என்ன?

இதிலிருந்து பட்டறைக்கு நேரடியாகப் பயன்படும் விஷயம் ஒன்று உண்டு. வில் ஒவ்வொரு முறை பற்றி அணையும்போதும் முனையில் உருகிய ஆக்சைடில் கொஞ்சம் சிதறிப்போகிறது. நீளமாக ஒரே வெட்டாக வெட்டுவதைவிட, அடிக்கடி விட்டு விட்டு வெட்டுவதில்தான் எலக்ட்ரோடு சீக்கிரம் தேய்கிறது. கம்ப்ரசரிலிருந்து ஈரமும் எண்ணெயும் கலந்த காற்று வந்தால் இன்னும் வேகம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வடிகட்டியை வடித்துவிட மறந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பொட்டின் நடுவில் குழி ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்தை நெருங்குகிறது என்றால் மாற்றிவிட வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் வில் செம்பைப் பிடிக்கும். நாசிலும் சேர்ந்து போகும்.

பொட்டளவாகவே ஹாஃப்னியம் உதவும் வேறு இடங்களும் உண்டு. விமான எஞ்சின் டர்பைன் இதழ்களின் நிக்கல் கலவையில் ஒன்றரை சதவீதம் சேர்த்தால் படிக மணிகளின் ஓரங்கள் பிளவுபடாமல் பிடித்துக்கொள்ளும். 2007இல் இன்டெல் தன் 45 நானோமீட்டர் கணினிச் சில்லுகளில் சிலிக்கான் ஆக்சைடின் இடத்தில் ஹாஃப்னியம் சேர்ந்த ஆக்சைடைக் கொண்டுவந்தது.

விலை ஏன் அப்படி?

உலகம் ஆண்டுக்குத் தயாரிக்கும் ஸ்டீல் 180 கோடி டன்னுக்கும் மேல். ஹாஃப்னியம் நூறு டன்னைத் தொடாது. 316எல் கிலோ சில நூறு ரூபாய். ஹாஃப்னியம் பல நூறு டாலராக இருந்து, 2022க்குப் பிறகு சில ஆயிரம் டாலரைப் பார்த்துவிட்டது.

தேவை கூடினால் கூடுதலாகத் தோண்டிவிடலாமே என்று தோன்றும். முடியாது. ஹாஃப்னியத்துக்கென்று தனிச் சுரங்கம் கிடையாது. அணு உலைக்குச் சிர்கோனியத்தைச் சுத்தம் செய்யும்போது ஒதுங்கும் கசடுதான் அது. ஒரு டன் ஹாஃப்னியம் வேண்டுமென்றால் ஏறத்தாழ 50 டன் உலைத்தரச் சிர்கோனியத்துக்கு யாராவது ஆர்டர் கொடுத்திருக்க வேண்டும். பீங்கான் ஓடு, வார்ப்பட மணல் என்று போகும் சிர்கானில் யாரும் இரண்டையும் பிரிப்பதில்லை. ஓட்டுக்கு நியூட்ரான் கவலை இல்லை. அதனால் விமான எஞ்சின்களுக்கும் சில்லுகளுக்கும் தேவை ஏறும்போது விலைதான் ஏறுகிறது, உற்பத்தி ஏறுவதில்லை.

அப்படியென்றால் தேய்ந்த எலக்ட்ரோடுகளைச் சேர்த்துவைக்கலாமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றரை மில்லிமீட்டர் விட்டம், நான்கு மில்லிமீட்டர் நீளம் என்று வைத்தால் புது எலக்ட்ரோடிலேயே இருப்பது 94 மில்லிகிராம், ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. தேய்ந்ததில் அதில் பாதி இருந்தால் அதிகம். ஒரு கிலோ சேர இருபதாயிரம் எலக்ட்ரோடுக்கு மேல் வேண்டும். சேர்த்தாலும் செம்பிலிருந்து அந்தப் பொட்டைப் பிரித்துத் தூய்மையாக்க ஆகும் செலவு தனி. பழைய இரும்புக் கடையில் எடை போட்டுக் காசு கொடுப்பது செம்புக்குத்தான்.